வெள்ளவத்தைப் போடிங் அறைகள்: வன்னியில் இருந்து ட்ரெயினிங் போகிறவர்களுக்குப் பொருந்துமா?

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ கம்பஸில் படிக்கிற பிள்ளைக்குக் கொழும்பில் ஆறு மாத ட்ரெயினிங் என்று கடிதம் வந்தவுடன் வீட்டில் எழும் முதல் பேச்சு, "வெள்ளவத்தையில ஒரு அறை பாருங்கோ" என்பதுதான். தமிழ்ச் சனம் இருக்கிற இடம், பக்கத்தில் கோயில், கடையில் இடியப்பம், ஊருக்குப் போகிற இரவு பஸ் காலி வீதியிலேயே நிற்கும். இவ்வளவும் உண்மை. ஆனாலும் அந்த அறை எல்லாருக்கும் பொருந்தாது. வேலையிடம் கரையோர ரயில் பாதையை ஒட்டி இருந்தால் கொடுக்கிற காசுக்கு வெள்ளவத்தையை விட நல்ல இடம் கிடைக்காது. வேலையிடம் பத்தரமுல்லை, மாலபே, பியகம என்று உள்ளே இருந்தால் அதே அறை ஒரு நாளில் இரண்டரை, மூன்று மணித்தியாலத்தை வீதியில் தின்றுவிடும். களைத்து விழுந்து வருகிற பிள்ளை ட்ரெயினிங்கில் என்னத்தைப் படிக்கிறது?

ஆகவே அறை தேடுமுன் வேலையிடத்தின் முழு முகவரியைக் கையில் எடுங்கள். கம்பனியின் பெயர் மட்டும் போதாது. தலைமை அலுவலகம் கோட்டையில் இருக்கும், பயிலுநரை இருத்துகிற இடம் வேறெங்கோ இருக்கும். மின்சார சபையின் தலைமையகம் கொழும்பு 2இல், பயிற்சி நிலையம் பிலியந்தலையில். நீர் வழங்கல் சபையின் தலைமையகம் இரத்மலானையில். அரச திணைக்களங்களில் பயிற்சி பெறப்போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாராளுமன்றம் 1982இல் கோட்டேக்குப் போனது. இசுறுபாய, செத்சிறிபாய போன்ற பெரிய அரச கட்டடங்கள் பத்தரமுல்லையில் இருக்கின்றன. நாங்கள் தலைநகர் என்று பேச்சில் சொல்வது கொழும்பை, கோப்புகள் நகர்வது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்.

வெள்ளவத்தை நிலையத்தில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை, மருதானை என்று வரிசையாக வரும். இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றில் இருந்து நடக்கிற தூரத்தில் வேலையிடம் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை, வெள்ளவத்தைதான். மருதானையில் இருக்கிற ட்ரேஸ் வளாகத்துக்குப் போகிற ஐடி பிள்ளைகளுக்கும் இது சரி. தெமட்டகொடை ஓரியன் சிற்றிக்கு மருதானையில் இறங்கி மாற வேண்டும், அதுவும் தாங்கும். காலையில் பாணந்துறை, அளுத்கமைப் பக்கத்தில் இருந்து வருகிற வண்டிகள் வெள்ளவத்தைக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். எல்லா வண்டியும் அங்கே நிற்பதும் இல்லை. நிற்கிற வண்டிகளின் நேரத்தை முதல் வாரத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்படுவதற்கு ஒரு வண்டி முன்னதாக ஏறப் பழகுங்கள். படியில் தொங்குகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். மாலையில் வேலையிடம் கோட்டைக்கும் மருதானைக்கும் நடுவில் என்றால் மருதானைக்கு நடந்துபோய் ஏறுவது புத்தி. தெற்கே போகிற வண்டிகள் பல அங்கிருந்துதான் புறப்படும், கோட்டைச் சனம் ஏறுமுன் இருக்கை கிடைத்துவிடும். மாதச் சீசன் ரிக்கற் எடுத்துவிட்டால் செலவும் பஸ்ஸை விடக் குறைவு.

இரத்மலானைப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்கு வெள்ளவத்தை இன்னும் வசதி. காலையில் சனம் முழுக்க கோட்டையை நோக்கி வரும்போது நீங்கள் எதிர்ப்பக்கம் போகிறீர்கள். தெகிவளை, கல்கிசை தாண்டினால் இரத்மலானை, இருந்துகொண்டே போகலாம். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

பத்தரமுல்லை, மாலபே என்றால் வெள்ளவத்தையில் 100 அல்லது 101 பிடித்துக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, கடுவெல போகிற 177இல் ஏற வேண்டும். இராஜகிரியவில் மேம்பாலம் வந்த பிறகும் காலை நெரிசல் முற்றாக விடவில்லை. இவர்கள் இராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கமாகவே அறை தேடுவது நல்லது. மகரகம, நுகேகொடை என்றால் 138 ஓடுகிற ஹைலெவல் வீதியில், கிருலப்பனைக்கும் நுகேகொடைக்கும் இடையில் பாருங்கள். நாரஹேன்பிட்டிக்கு மட்டும் வெள்ளவத்தையில் இருந்தே 141 இருக்கிறது. கட்டுநாயக்க, பியகம ஏற்றுமதி வலயங்களுக்கு வெள்ளவத்தையில் இருந்து தினமும் போய் வருவதைக் கனவிலும் நினைக்காதீர்கள், அந்தந்த ஊரிலேயே தங்குங்கள். சிங்களம் தெரியாதே என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் பஸ்ஸில் ஏறி இடத்தின் பெயரைச் சொல்லவும், இறங்குமுன் "பகினவா" என்று குரல் கொடுக்கவும், கடையில் விலை கேட்கவும் ஒரு கிழமை போதும். வேலையிடத்தில் தேவைப்படுகிற சிங்களம்தான் கஷ்டம். அது சிங்களம் பேசுகிறவர்களோடு தங்கினால் விரைவாக வரும், தமிழ் போடிங்கில் இருந்தால் ஆறு மாதம் முடிந்தும் வராது. வெள்ளவத்தையின் பெரிய குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி அறைகள். வீட்டுக்காரர் மேல்மாடியிலோ பின்பக்கத்திலோ இரண்டு மூன்று அறையை ஒதுக்கி, அறைக்கு இரண்டு தொடக்கம் நான்கு கட்டில் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது போடிங். தனி வாசல், தனிக் குசினியோடு வருவது அனெக்ஸ். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் அனெக்ஸ்தான் மலிவு. ஆனால் முற்பணம் பெரிது, மூன்று மாத வாடகையும் கேட்பார்கள். குறைந்தது ஒரு வருடம் என்று நிற்கிற வீட்டுக்காரரும் உண்டு. ஆறு மாதக்காரர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் மிச்ச மாதங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது உங்கள் தலையில் விழும். லொட்ஜ் நாள் வாடகை, வந்து அறை தேடுகிற இரண்டு மூன்று நாளுக்கு மட்டும். லொட்ஜ் என்றதும் எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு முகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழரைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள், பெரும்பாலானவர்களைக் கொண்டுவந்து விட்டது வவுனியாவில். உயர் நீதிமன்றம் மறுநாளே அதைத் தடுத்தது. இன்றைய நிலைமை அது இல்லை. ஆனாலும் அடையாள அட்டையின் பிரதி, கம்பஸ் அடையாள அட்டை, ட்ரெயினிங் கடிதத்தின் பிரதி, கிராம அலுவலரின் உறுதிக் கடிதம் நான்கையும் ஒரு உறையில் போட்டு வைத்திருங்கள். வீட்டுக்காரரும் இவற்றைத்தான் கேட்பார்.

அறையைப் பார்க்கப் போகும் நேரம் முக்கியம். பின்னேரம் மூன்று மணிக்குப் போனால் எந்த அறையும் நன்றாகத்தான் இருக்கும். காலை ஆறரைக்குப் போங்கள். குளியலறைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், மேல்மாடிக் குழாயில் தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். ஒரு குளியலறைக்கு ஐந்து பேருக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள், ஏழு மணி வண்டியை ஒருநாளும் பிடிக்க முடியாது. மேலே தகரமோ சீற்றோ போட்ட அறை பகல் வெயிலை இரவு பத்து மணி வரை வைத்திருக்கும். மரைன் டிரைவ் பக்கத்து அறைக்குக் காற்று நல்லது, வாடகையும் கூட. ஆனால் அங்கே ரயில் சத்தமும் உப்புக் காற்றும் சேர்ந்தே வரும். உப்பு ஈரம் லப்டொப்பின் யூஎஸ்பி துளை, பையின் சிப், கத்தரிக்கோல் எல்லாவற்றிலும் கறளேற்றும். கணினியை யன்னலோரம் திறந்து வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுப் பைக்குள் வையுங்கள். காசைப் பார்த்தாலும் நித்திரையைப் பார்த்தாலும் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கைகள்தான் சிறந்தவை.

சுவரில் இருக்கிற பிளக்கையும் பாருங்கள். பழைய வீடுகளில் வட்டத்துளை 5 அம்பியர் பிளக்தான் இருக்கும். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1150 வாட். லப்டொப், மின்விசிறி, 500 வாட் ரைஸ் குக்கர் ஓடும், 1000 வாட் ஸ்திரிக்கைப் பெட்டியும் மட்டுமட்டாக ஓடும். 1500, 2000 வாட் கேத்தலை அதில் மாட்டினால் பிளக் உருகும். மல்ட்டி பிளக் போட்டு இவை எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினாலும் அதே கதைதான். ஒரு 13 அம்பியர் சதுரத்துளைப் பிளக்காவது அறையில் இல்லாவிட்டால் கேத்தல் எங்கே பாவிக்கலாம் என்று முதலே கேளுங்கள்.

அடுத்தது லைற் பில். போடிங் சண்டைகளில் அதிகமானவை இதில்தான் தொடங்கும். மூன்று பேர் இருக்கிற அறையைக் கணக்கிடுவோம். 75 வாட் மின்விசிறி நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 22 யூனிட். மூன்று லப்டொப்பும் ஐந்து மணித்தியாலப்படி 27. ரைஸ் குக்கர் 10. உடுப்பு ஸ்திரி போட 12. விளக்குக்கு 2. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 75 யூனிட். தனி மீற்றர் என்றால் இந்த 75க்கு உரிய கட்டணம் தாங்கக்கூடியது. ஆனால் போடிங் வீட்டில் வீட்டுக்காரரின் பாவனையும் மற்ற அறைகளும் ஒரே மீற்றரில் விழும். எங்கள் நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் ஒரு விலை, பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் யூனிட் விலை கூடும், நிலையான கட்டணமும் கூடும். மூன்று அறை போடிங் வீடு 180ஐ இலகுவாகத் தாண்டும். அதனால் நீங்கள் சிக்கனமாக இருந்தாலும் உங்கள் யூனிட்டுக்கு விலை அதிகம். இதில் வீட்டுக்காரரின் பிழை இல்லை. கடைசிப் படியின் விலையை உங்கள் எல்லா யூனிட்டுக்கும் போடுவதுதான் பிழை. நியாயமான முறை, மொத்த பில்லை மொத்த யூனிட்டால் பிரித்து வருகிற சராசரியை அறையின் சப் மீற்றர் யூனிட்டால் பெருக்குவது. "பில்லை எப்படிப் பிரிப்பீங்கள் அன்ரி?" என்று முற்பணம் கொடுக்குமுன் கேளுங்கள். அறைக்குச் சப் மீற்றர் இல்லாமல் தலைக்கு இவ்வளவு என்றால், வாடகையோடு சேர்ந்த நிலையான தொகையாகப் பேசி முடிப்பது பாதுகாப்பு. உள்ளே போன அன்றே மீற்றர் இலக்கத்தைத் திகதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

சாப்பாட்டோடு சேர்ந்த போடிங்கை முதல் மாதத்துக்கு மனமாரப் பரிந்துரைப்பேன். புது வேலை, புது வீதி, இதற்கு நடுவில் சமையலையும் இழுத்துப் போட்டால் பிள்ளை மெலிந்துவிடும். இரவுப் புட்டும் இடியப்பமும் பெரும்பாலான வீடுகளில் நன்றாகவே இருக்கும். சிக்கல் மத்தியானப் பார்சலில். காலை ஆறு மணிக்கு ஆவி பறக்கிற சோற்றை லஞ்ச் சீற்றில் போட்டு இறுக்கி மடித்துத் தருவார்கள். ஆவி வெளியே போக வழியில்லாமல் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். அது திரும்பச் சோற்றிலேயே விழுந்து, ஒரு மணிக்குப் பிரிக்கும்போது ஓரத்துச் சோறு நூல் விட்டுப் புளித்த மணம் அடிக்கும். பால்க்கறியோ சொதியோ பக்கத்தில் இருந்தால் இன்னும் விரைவு. சோற்றைத் தட்டில் பரப்பிக் கால் மணித்தியாலம் ஆறவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். பாலில்லாத குழம்பு, நன்றாக வதக்கின வறை, பொரியல், கருவாட்டுப் பிரட்டல் என்று கேளுங்கள். தேங்காய்ச் சம்பலைத் தனியாக ஒரு சின்னப் பெட்டியில். வீட்டுக்காரர்கள் சொன்னால் செய்வார்கள், சொல்லத்தான் ஆள் இல்லை.

இரண்டாம் மாதம் தாங்களே சமைக்கிறவர்களுக்கு ஊர் அரிசி பெரிய உதவி. ஒருவர் இரண்டு நேரம் சோறு சாப்பிட்டால் நாளுக்கு 250 கிராம், மாதம் ஏழரைக் கிலோ. இரணைமடுத் தண்ணீரில் விளைந்த அரிசி மூட்டையை ஒரேயடியாக 25 கிலோ கட்டிவிடுகிற அம்மாமார் தயவுசெய்து கேளுங்கள்: கொழும்பின் ஈரக் காற்றில் அரிசி இரண்டு மாதம் தாங்காது, வண்டு விழும். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மூடி இறுகும் வாளி ஒன்றில் எட்டுக் கிலோவுக்கு மேல் போகாமல் அனுப்புங்கள். வறுத்த அரிசி மா ஒரு கிலோ, அரைத்த தூள் அரைக் கிலோ போதும். முல்லைத்தீவுக் கருவாட்டைப் பொரித்தே அனுப்புவது நல்லது. அடுக்குமாடியில் கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டார் முறைப்பாடு சொல்வார்கள்.

மழைக்காலமும் மாறும். வன்னியில் வைகாசி, ஆனியில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது கொழும்பில் தென்மேல் பருவமழை ஊற்றும். குடை, உலர இரண்டு நாள் பிடிக்கிற உடுப்புக்கு ஒரு கயிறு, டெங்கு நுளம்புக்கு வலை மூன்றும் கட்டாயம். அறை பார்க்கும்போது பீலியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, பூச்சாடித் தட்டில் புழு நெளிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்குக் கேற் நேரம்தான் முதல் கேள்வி. இரவு எட்டரைக்குக் கேற் பூட்டுகிற வீட்டில் தங்கி, வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்கிற ஐடி கம்பனியில் ட்ரெயினிங் எடுக்க முடியாது. வேலை முடிகிற நேரத்தை வீட்டுக்காரருக்கு மறைக்காமல் சொல்லி, கிழமையில் எத்தனை நாள் பிந்தும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வையுங்கள். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதிகள் பாதுகாப்பிலும் சுத்தத்திலும் சிறந்தவை, வாடகையும் நியாயம். ஆனால் நேரக் கட்டுப்பாடு கடுமை, இடம் கிடைக்க முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும். நிலையத்தில் இருந்து அறைக்கு வருகிற ஒழுங்கையை இரவு எட்டு மணிக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டுக்காரர் காட்ட மறக்கிற ஒரு பொருள், மேசை. கட்டில் இருக்கும், அலுமாரி இருக்கும், மேசை இருக்காது. ட்ரெயினிங் என்றால் இரவில் வேலை இல்லை என்று நினைக்கிறார்கள். பொறியியல் பிள்ளைகளுக்கு நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) குறிப்பேடு இருக்கிறது. அதை அன்றன்றே எழுதி, கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கட்டிலில் குந்தியிருந்து எழுத முடியாமல், பிறகு எழுதலாம் என்று மூன்று மாதம் போய்விடும். அதற்குள் கையெழுத்து வைக்க வேண்டிய பொறியியலாளர் வேறு தளத்துக்கு மாறிப் போயிருப்பார், பழைய வாரங்களுக்குப் புதியவர் கையெழுத்து வைக்க மாட்டார். கடைசி வாய்மொழிப் பரீட்சையில் இந்தக் குறிப்பேட்டில் இருந்துதான் கேள்வி வரும். ஆகவே மேசை கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மடிக்கிற மேசை ஒன்றை வாங்குங்கள். சனி, ஞாயிறில் அமைதியாக இருந்து படிக்க 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தை அறைக்குக் கிடைக்கிற மேலதிகப் புள்ளி என்று அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊருக்குப் போய்வர இரவு பஸ் வசதி. யாழ்ப்பாணப் பஸ்கள் வெள்ளவத்தையில் ஏற்றி ஏ9 வழியே வவுனியா, கிளிநொச்சியில் இறக்கும். சொகுசு பஸ்ஸில் பெரும்பாலும் யாழ்ப்பாணம் வரையான முழுக் கட்டணத்தையே வாங்குவார்கள். வவுனியாவுக்குப் போகிறவர்கள் புறக்கோட்டையில் இருந்து போகிற அரச பஸ்ஸைப் பார்த்தால் மிச்சம். நடத்துநரிடம் இறங்குமிடத்தை ஏறும்போதே சொல்லி வையுங்கள், கிளிநொச்சிக்காரர் முறிகண்டிக்கு முன் எழுப்பச் சொல்லுங்கள். முல்லைத்தீவுக்காரர் மாங்குளத்தில் இறங்கி விடியும் வரை காத்திருக்க நேரும், அதனால் பின்னேர பஸ்ஸை விடக் கடைசி பஸ் நல்லது. தைப்பொங்கல், தீபாவளி, வற்றாப்பளைப் பொங்கல், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா இந்நாட்களுக்கு இரண்டு கிழமை முன்னதாகவே இருக்கை போட்டுவிடுங்கள். திரும்பி வருகிற பஸ் விடியப்புறம் நான்கு, ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறக்கும். கேற் திறப்பு இல்லாத வீடென்றால் தெருவில்தான் நிற்க வேண்டும். அறை பேசும்போதே இதற்கு ஒரு திறப்புக் கேளுங்கள்.

விட்டுப் போகும்போதுதான் அதிகம் பேர் காசை இழக்கிறார்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு, எதற்கெல்லாம் கழிப்பார்கள் என்று ஒரு வரி, எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று ஒரு வரி, இரண்டு பக்கக் கையெழுத்து இவை இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. இல்லையென்றால் சுவருக்கு மை பூச வேண்டும், கட்டில் ஆடுகிறது என்று கழிக்கத் தொடங்குவார்கள். புகுந்த அன்று சுவர், கட்டில், யன்னல், குளியலறைத் தரை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ட்ரெயினிங் முடிகிற திகதி மதிப்பீட்டால் ஓரிரு கிழமை தள்ளிப் போகலாம், ஆகவே கடைசி மாதத்தை நாள் கணக்கில் கட்டலாமா என்று முன்னறிவித்தல் கொடுக்கும்போதே பேசுங்கள். கடைசி நாளில் மீற்றர் இலக்கத்தை மீண்டும் படம் எடுத்து, அந்த மாத லைற் பில்லைச் சராசரி விலையில் அங்கேயே கணக்குப் பார்த்துக் கழித்து, மிச்ச முற்பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திறப்பைக் கொடுங்கள். வங்கியில் போட்டுவிடுகிறேன் என்று சொன்னால் திகதியையும் தொகையையும் அதே பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.